ரவிக்கைக் கையும் தோள் ஊசியும்: ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளி 67 வயதுப் பெண்மணி. சிங்கப்பூரின் வடபகுதியில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் மகள் குடும்பத்தோடு வசிப்பவர். உயரம் 150 சென்டிமீட்டர், எடை 47 கிலோ. பதினான்கு ஆண்டுகளாக நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் உட்கொள்கிறார். கணவர் மறைந்தபின் முழுச் சைவத்துக்கு மாறியவர். பாலும் தயிரும்கூடக் குறைவு. நீண்டகால மெட்ஃபார்மினும் இந்த உணவுப் பழக்கமும் சேர்ந்ததில் உடலில் வைட்டமின் பி12 குறைந்து, பாதங்களில் மதமதப்புத் தொடங்கியதால், மாதம் ஒருமுறை 1000 மைக்ரோகிராம் பி12 ஊசி போட்டுக்கொள்கிறார். செக்கச்செவேலென்ற அந்த ஒரு மில்லிலிட்டர் மருந்து அதுவரை ஐந்து முறை வலது மேல்கையில் செலுத்தப்பட்டிருந்தது. ஒருமுறைகூட அவர் முகம் சுளித்ததில்லை. அவர் ஊசிக்குப் பயப்படுபவர் அல்லர், வலியைப் பெரிதுபடுத்துபவரும் அல்லர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பின்னால் நடந்ததில் இது முக்கியமாகிறது.

இதை எழுதும் நான் அவர் செல்லும் அக்கம்பக்க மருந்தகத்தில் (கிளினிக்கில்) பணிபுரியும் பதிவுபெற்ற தாதி. ஊசி போட்டதும் நானே. அவரும் அவருடைய மகளும் தந்த ஒப்புதலோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி இதைப் பதிவுசெய்கிறேன்.

அன்று காலை

2023 நவம்பர் இறுதியில் ஒரு சனிக்கிழமை. சிங்கப்பூரில் சளிக்காய்ச்சல் (இன்ஃப்ளுவென்சா) ஆண்டின் நடுப்பகுதியில் ஒருமுறையும் டிசம்பரை ஒட்டி மறுமுறையும் தலைதூக்கும் என்பதால் நவம்பரில் தடுப்பூசிக்கு ஆள் வருவது வழக்கம். அந்த ஆண்டு ஜூலையில் தொடங்கிய ஹெல்த்தியர் எஸ்ஜி என்ற அரசுச் சுகாதாரத் திட்டத்தில் பதிந்துகொண்ட சிங்கப்பூரர்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட தடுப்பூசிகள் கட்டணமின்றிக் கிடைத்ததால், வழக்கத்தைவிடக் கூட்டம் இன்னும் அதிகமாக இருந்தது. நண்பகலுக்குள் முப்பது பேருக்குமேல் ஊசி போட்டிருப்பேன். 2020 டிசம்பர் 30 அன்று நம் நாட்டில் தொடங்கிய கோவிட் தடுப்பூசி இயக்கத்தில் பல மாதங்கள் சமூக மன்றம் ஒன்றில் பணியாற்றிய கை இது. வேகம் அங்கே பழகியது. அந்த வேகத்தைத் திறமை என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நோயாளியான அந்த அம்மா சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டு, சளிக்காய்ச்சல் தடுப்பூசிக்காக நேரே வந்திருந்தார். பட்டுப் புடவை, முழங்கைக்குச் சற்று மேலே முடியும் இறுக்கமான ரவிக்கைக் கை. ஊசி போடும் அறையின் கதவு பாதி திறந்திருந்தது. வெளியே ஆண்கள் சிலர் வரிசையில் நின்றார்கள். நான் அவரைத் தாழ்வான நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, "இடது தோளைக் காட்டுங்கம்மா" என்றேன். ரவிக்கைக் கை மேலே ஏறாது என்பது அவருக்குத் தெரியும். எனவே மேல் கொக்கி ஒன்றைக் கழற்றி, கழுத்துப் பக்கத்தைத் தோளிலிருந்து சரித்து, முந்தானையால் மார்பை மூடிக்கொண்டு, உள்ளங்கை அகலத்துக்குத் தோளின் உச்சியை எனக்குக் காட்டினார். நான் கேட்டதைத்தான் அவர் செய்தார்.

ஆல்கஹால் பஞ்சால் துடைத்து, காயவிட்டு, அரை மில்லிலிட்டர் தடுப்பூசியை 25 மில்லிமீட்டர் நீள ஊசியால் செலுத்தினேன். நான் நின்றுகொண்டிருந்தேன். ஊசி உள்ளே போனதும் அவர் சட்டென்று விலகவில்லை, ஆனால் சொன்னார்: "போன வாட்டி மாதிரி இல்ல மிஸ்ஸி, உள்ள எலும்புல பட்ட மாதிரி இருக்கு." தடுப்பூசி பி12 ஊசியைவிடச் சற்று வலிக்கும் என்று ஆறுதல் சொல்லி, வட்டப் பிளாஸ்திரி ஒட்டி, பதிவில் "இடது டெல்டாய்டு தசை" என்று எழுதி அடுத்தவரைக் கூப்பிட்டேன். அந்தப் பதிவு, நான் எங்கே போட நினைத்தேனோ அதைச் சொன்னதே தவிர, எங்கே போட்டேன் என்பதைச் சொல்லவில்லை.

நான்கு வாரம்

அன்றிரவே வலி தொடங்கியது. மறுநாள் காலையில் இடது கையைத் தோள் மட்டத்துக்கு உயர்த்த முடியவில்லை. நாங்கள் தந்த துண்டுத்தாளில் ஊசி போட்ட இடத்தில் இரண்டு மூன்று நாள் வலி இருப்பது இயல்பு என்று நான்கு மொழிகளிலும் அச்சிட்டிருந்தது. மூன்று நாளுக்குப் பிறகும் வலித்தால் என்ன செய்வது என்று ஒரு மொழியிலும் இல்லை. அவர் அந்தத் தாளை நம்பினார். பாராசிட்டமால் போட்டுக்கொண்டார், கோடாலித் தைலம் தேய்த்தார். கொண்டை போடுவதைப் பேத்தியிடம் விட்டார். சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் துணி காயப்போடுவது நாற்பது ஆண்டுகளாக அவர் வேலை. அது வீட்டுப் பணிப்பெண்ணின் கைக்குப் போயிற்று. வயதாகிவிட்டது என்று மகள் நினைத்தார். தடுப்பூசியால் கை வலித்தது என்று சொன்னால் வீட்டில் மற்றவர்கள் போட்டுக்கொள்ள மாட்டார்கள் என்று அம்மா நினைத்திருக்கிறார். இதைப் பிறகு அவரே சொன்னபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

டிசம்பர் கடைசியில் பி12 ஊசிக்காக வந்தார். வலது கையைத் தரும் பொருட்டு முந்தானையை ஒதுக்கும்போது, இடது கையை வலது கையால் தூக்கி மடியில் வைத்தார். அதைக் கண்டுதான் கேட்டேன். அவராகச் சொல்லியிருக்க மாட்டார்.

தோளில் கண்டவை

மருத்துவர் அன்றே பரிசோதித்தார். தானாகப் பக்கவாட்டில் கையை 70 பாகைக்குமேல் உயர்த்த முடியவில்லை. மருத்துவர் பிடித்து உயர்த்தினாலும் 100 பாகையில் வலி தடுத்தது. கையை வெளிப்புறமாகத் திருப்புவதும் குறைந்திருந்தது. தோளின் வெளிமுனையில் தட்டுப்படும் எலும்பு விளிம்புக்கு, அதாவது அக்ரோமியனுக்குச் சற்றுக் கீழே, ஒரு விரலால் சுட்டிக்காட்டும்படியான தொடுவலி இருந்தது. சிவப்போ சூடோ காய்ச்சலோ இல்லை. மேல்கையின் வெளிப்புறத் தோலில் தொடு உணர்வு சரியாக இருந்தது, விரல்களையும் மணிக்கட்டையும் வலுவாக நிமிர்த்த முடிந்தது. எனவே அக்குள் நரம்போ ஆரை நரம்போ காயப்பட்டதற்கு அறிகுறி இல்லை.

எக்ஸ்ரேயில் கோளாறில்லை. அல்ட்ராசவுண்டில், தோள் எலும்புக்கும் டெல்டாய்டு தசைக்கும் இடையே உராய்வைக் குறைக்கும் பர்சா என்ற மெல்லிய பை தடித்து, அதில் சிறிது நீர் கோத்திருந்தது. தசைநார் கிழியவில்லை.

நீரிழிவு உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போவது மற்றவர்களைவிட அதிகம் என்பதால், முதலில் எழுந்த கேள்வி இது தற்செயலாக அந்த நேரத்தில் வந்த தோள் இறுக்கம்தானா என்பது. கழுத்து நரம்பு அழுத்தம், மூட்டில் கிருமித்தொற்று ஆகியவற்றையும் மருத்துவர் கணக்கில் கொண்டார். ஆனால் அந்தத் தோளில் முன்பு வலியே இருந்ததில்லை. ஊசி போட்ட அன்றே தொடங்கியது. அந்தத் தோளோடு நின்றது. வேறு காரணம் எதுவும் பரிசோதனையில் அகப்படவில்லை. தடுப்பூசி போடப்பட்ட முறையால் தோளில் நேரும் காயம் என்ற வகைக்கு, மருத்துவர்களிடையே சிர்வா என்று வழங்கும் அதற்கு, அமெரிக்க அரசு 2017இல் தன் இழப்பீட்டுப் பட்டியலில் வைத்த வரையறையும் ஏறக்குறைய இதுவே: 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்க வேண்டும், முன்பு அந்தத் தோளில் வலி இருந்திருக்கக் கூடாது, வலி அந்தத் தோளைத் தாண்டக் கூடாது, வேறு விளக்கம் இருக்கக் கூடாது. 2010இல் இந்தப் பெயரோடு முதலில் விவரிக்கப்பட்ட 13 பேரில் பெரும்பாலோருக்கு வலி முதல் நாளிலேயே தொடங்கியிருந்தது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர், ஊசி மிக உயரத்தில் போடப்பட்டதாகத் தாங்களாகவே சொல்லியிருந்தார்கள்.

அம்மா எதையும் அப்படிச் சொல்லவில்லை. சொன்னது ஒரு படம். தடுப்பூசி போட்ட அன்று மகள், "அம்மாவும் போட்டாச்சு" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் அனுப்பியிருந்தார். சரிந்த ரவிக்கைக் கழுத்தின் ஓரத்தில், தோளின் வளைவு கீழே இறங்கத் தொடங்கும் இடத்திலேயே, நான் ஒட்டிய வட்டப் பிளாஸ்திரி இருந்தது. மருத்துவர் படத்தை வைத்துக்கொண்டு அக்ரோமியனிலிருந்து அளந்தபோது ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் வந்தது.

எங்கே தவறியது

டெல்டாய்டு தசை தலைகீழ் முக்கோணம். அகன்ற அடிப்பகுதி மேலே, கூர்முனை மேல்கையின் நடுவில். ஊசி போகவேண்டியது அதன் மிகத் தடித்த நடுப்பகுதியில்: அக்ரோமியன் விளிம்பைத் தொட்டறிந்து, அதற்குக் கீழே இரண்டு மூன்று விரலகலம், ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் விட்டு, அக்குளின் மட்டத்துக்கு மேலே. இந்த இடம் நாம் நினைப்பதைவிடக் குறுகலானது. மேலே போனால் பர்சா. அது அக்ரோமியனுக்கு அடியில் ஒளிந்திருப்பதோடு நில்லாமல் சிலருக்கு விளிம்பைத் தாண்டி 3 முதல் 6 சென்டிமீட்டர்வரை கீழே இறங்கியிருக்கும். கீழேயும் பின்னேயும் போனால் எலும்பைச் சுற்றிவரும் அக்குள் நரம்பு, இன்னும் கீழே ஆரை நரம்பு. மெலிந்த உடலில் பர்சா தோலிலிருந்து ஒன்று ஒன்றரை சென்டிமீட்டர் ஆழத்திலேயே இருக்கக்கூடும். இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் 25 மில்லிமீட்டர் ஊசியை முழுக்க இறக்கினால் அது எங்கே போய் நிற்கும் என்பதற்குக் கணக்குத் தேவையில்லை. அங்கே தேங்கிய தடுப்பூசி, எந்த எதிர்ப்பாற்றலைத் தூண்டுவதற்காக அது செய்யப்பட்டதோ அதே எதிர்ப்பாற்றலைப் பர்சாவுக்குள் தூண்டி அழற்சியை உண்டாக்குகிறது என்பதே பொதுவாக ஏற்கப்படும் விளக்கம். வெறும் ஊசிக் குத்து மட்டும் என்றால் சில நாளில் ஆறியிருக்கும்.

ஊசியின் நீளத்தைக் குறை சொல்ல முடியுமா என்று முதலில் பார்த்தேன். சொல்லப்போனால் அப்படிச் சொல்லித் தப்பிக்க விரும்பினேன். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வழிகாட்டலில், 60 கிலோவுக்குக் குறைந்த பெரியவர்களுக்கு 25 மில்லிமீட்டர் ஊசியே வழக்கம். தோலை இழுத்து விரித்துப் பிடித்துச் செங்குத்தாகப் போட்டால் 16 மில்லிமீட்டரும் போதும். பெண்கள் 90 கிலோவுக்கும் ஆண்கள் 118 கிலோவுக்கும் மேல் என்றால் 38 மில்லிமீட்டர் வேண்டும், இல்லாவிட்டால் மருந்து கொழுப்பிலேயே தங்கிவிடும். ஆகவே நான் எடுத்த ஊசி தவறானதன்று. 47 கிலோ உடலில், தவறான உயரத்தில், அது தவறானதாக ஆயிற்று.

ஏன் அவ்வளவு உயரத்தில் போட்டேன்? முதற்காரணம் எளிது: கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் போட்டேன். ஊசி போடுபவரின் கண் எதிரே திறந்திருக்கும் தோலின் நடுவைத் தேடுகிறது, தசையின் நடுவை அல்ல. கழுத்துப்பக்கம் சரித்த ஆடையில் திறந்திருந்தது தோளின் உச்சி மட்டுமே. அதன் நடுவில் போட்டேன். ரவிக்கையை மேலேற்றியிருந்தாலும் இதே ஆபத்துக்கு மறுபக்கம் உண்டு, இறுக்கமான கையைச் சுருட்டிவிட்டால் தசையின் அடிமுனை மட்டும் தெரிந்து ஊசி மிகத் தாழப் போகும். இரண்டிலும் குற்றவாளி துணிதான். சட்டை போட்டு வருபவரிடம் இந்தச் சிக்கல் அவ்வளவாக எழுவதில்லை என்பதால், பாடநூல்களில் இது ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. புடவையும் பஞ்சாபி உடையும் அணிந்த மூத்த பெண்கள் வாரந்தோறும் வரும் நம் மருந்தகங்களில் அந்த ஒரு வரி போதாது.

இரண்டாவது, நான் பயன்படுத்திய சொல். இதைச் சக தாதியர் சிலர் சிரித்து ஒதுக்கினார்கள், ஆனால் நான் விடுவதாக இல்லை. தமிழில் தோள் என்றால் கழுத்துக்குப் பக்கத்திலிருந்து மேல்கைவரை எல்லாம் தோள்தான். தோளில் துண்டு போடுகிறோம், குழந்தையைத் தோளில் சாய்க்கிறோம், சுமையைத் தோளில் தூக்குகிறோம்; இவை எல்லாவற்றிலும் நாம் மனத்தில் காண்பது தோளின் உச்சியை. பழைய இலக்கியத்தில் தோள் என்பது புஜத்தையும் குறிக்கும், ஆனால் மருந்தகத்துக்கு வருபவர் இலக்கியம் கேட்க வரவில்லை. "தோளைக் காட்டுங்கள்" என்றால் தோளை மட்டும் காட்டுவதே இயல்பு. "கையை ரவிக்கையிலிருந்து முழுசாக வெளியே எடுங்கள், முழங்கைவரை எனக்குத் தெரிய வேண்டும்" என்று சொல்லியிருந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது இருவருக்கும் ஐயமறத் தெரிந்திருக்கும். அப்படிச் சொல்ல வேண்டுமானால் கதவை மூடவேண்டும், திரையை இழுக்கவேண்டும், கொக்கிகளைக் கழற்றி மாட்டுவதற்கு மூன்று நிமிடம் விடவேண்டும். அந்த மூன்று நிமிடத்தைத்தான் நான் அன்று மிச்சப்படுத்தினேன்.

மூன்றாவதை நானாகக் கண்டுபிடித்திருக்க மாட்டேன், அறையைப் பார்க்க வந்த பக்கத்து மருந்தகத்தின் மூத்த தாதி ஒருவர் கேட்டார், "ஏன் நிற்கிறீர்கள்?" கூர்முனைக் கழிவுப் பெட்டி எனக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. பயன்படுத்திய ஊசிக்கு மீண்டும் மூடி போடக் கூடாது, கையோடு பெட்டியில் போட்டுவிட வேண்டும் என்பது எங்கள் எலும்பில் ஊறிய விதி. உட்கார்ந்திருந்தால் ஊசியோடு எழுந்து திரும்ப வேண்டியிருக்கும் என்பதற்காக நான் நின்றே பழகியிருந்தேன். என்னைக் காக்கும் விதி நோயாளியைவிட உயரத்தில் என்னை நிறுத்தியது. நிற்பவர் உட்கார்ந்திருப்பவரின் தோளை மேலிருந்து பார்க்கிறார். கை தானாக உயரே போகிறது, ஊசியும் செங்குத்தாக நுழையாமல் சற்றுச் சாய்கிறது. இருவரும் ஒரே மட்டத்தில் உட்கார்ந்து, நோயாளி கையை இடுப்பில் ஊன்றியபடி முழங்கையை உடலிலிருந்து விலக்கிவைத்தால், தசை தளர்வதோடு பர்சாவும் அக்ரோமியனுக்கு அடியில் நகர்ந்துகொள்ளும். பெட்டியை மேசைமேல் கைக்கெட்டும் தொலைவில் வைத்திருந்தால் இதெல்லாம் எளிதாக நடந்திருக்கும். பெட்டி இருக்கும் இடத்தை யாரும் ஊசி போடும் நுணுக்கமாக எண்ணுவதில்லை.

கடைசியாக, அவர் சொன்னதை நான் கேட்கவில்லை. ஐந்து முறை அமைதியாக ஊசி போட்டுக்கொண்டவர் "எலும்புல பட்ட மாதிரி" என்கிறார். நான் பதில் சொன்னேன், ஆனால் பார்க்கவில்லை. அந்த நொடியில் மருந்து ஏற்கெனவே உள்ளே போய்விட்டது என்பதால் காயத்தைத் தடுத்திருக்க முடியாது. ஆனால் அதைப் பதிவில் எழுதி, ஒரு வாரத்தில் தொலைபேசியில் விசாரித்திருந்தால் நான்கு வாரத் தாமதம் ஒரு வாரமாகக் குறைந்திருக்கும்.

"இடுப்பில் போட்டிருக்கலாமே"

மகள் முதலில் கேட்டது இதுதான். ஊரில் கம்பவுண்டர் போட்ட ஊசியெல்லாம் பின்பக்கத்தில்தான், யாருக்கும் தோள் பிடித்ததில்லை என்றார். தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் கேள்வி என்பதால் இதற்கு முழுப் பதில் வேண்டும். பிட்டத்தின் பின்பகுதியில் சியாட்டிக் நரம்பும் பெரிய இரத்தக்குழாய்களும் ஓடுகின்றன. ஊசி நரம்பில் பட்டால் பாதம் தொங்கிப்போகலாம், அதோடு ஒப்பிட்டால் தோள் வலி ஒன்றுமில்லை. மேலும் அங்கே கொழுப்பு அடர்த்தி. மருந்து தசையை எட்டாமலே நின்றுவிடும். கல்லீரல் அழற்சி பி தடுப்பூசியும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் அங்கே போடப்பட்டபோது எதிர்ப்பாற்றல் குறைவாகவே உருவானது தெரியவந்ததால்தான் பெரியவர்களுக்குத் தடுப்பூசி இடம் மேல்கை என்று உறுதியாயிற்று. குழந்தைகளுக்கு நடக்கத் தொடங்கும்வரை தொடையின் முன்வெளிப்பக்கம்.

தடுப்பூசி அல்லாத மருந்துகளுக்கு, அளவு கூடுதலாக இருந்தால், இடுப்பின் பக்கவாட்டுப் பகுதி நல்ல இடம். நோயாளியின் வலது இடுப்பு என்றால் நம் இடது உள்ளங்கையின் அடிப்பகுதியைத் தொடையெலும்பின் பக்கவாட்டில் தட்டுப்படும் முகட்டில் வைத்து, சுட்டுவிரலை இடுப்பெலும்பின் முன்முனை நோக்கி நீட்டி, நடுவிரலை இடுப்பெலும்பின் விளிம்பு வழியே பின்னோக்கி விரித்தால், இரண்டு விரல்களுக்கும் இடையே கிடைக்கும் கவட்டை வடிவத்தின் நடுவே ஊசி போக வேண்டும். அங்கே பெரிய நரம்போ பெரிய இரத்தக்குழாயோ இல்லை. 1950களிலேயே விவரிக்கப்பட்ட இடம். ஆனாலும் நம்மில் பலர் பயிற்சிக் காலத்துக்குப் பிறகு அதைத் தொட்டதில்லை, பழக்கமில்லாத இடத்தைவிடப் பழகிய தவறான இடம் பாதுகாப்பாகத் தோன்றுகிறது.

ஊசியைக் குத்தியபின் பின்னிழுத்து இரத்தம் வருகிறதா என்று பார்க்கவில்லையே என்றும் மகள் கேட்டார். பழைய முறையில் கற்றவர்கள் செய்வது அது. மேல்கையிலும் தொடையின் வெளிப்பக்கத்திலும் பெரிய குழாய்கள் இல்லாததால் தடுப்பூசிக்கு அது தேவையில்லை என்றும், ஊசி உள்ளே நிற்கும் நேரத்தை நீட்டி வலியைக் கூட்டும் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. பின்னிழுத்திருந்தாலும் பர்சாவில் நிற்கிறேன் என்று அது எனக்குச் சொல்லியிருக்காது. ஊசி போட்ட இடத்தைப் பஞ்சால் தேய்த்துவிடுவதும் வேண்டாத பழக்கம். மெதுவாக அழுத்திப் பிடித்தால் போதும். இரத்தம் உறையாமைக்கு மருந்து சாப்பிடுபவர் என்றால் மெல்லிய ஊசியால் போட்டு, தேய்க்காமல், குறைந்தது இரண்டு நிமிடம் அழுத்த வேண்டும்.

சிகிச்சையும் பிறகும்

நீரிழிவால் சிறுநீரகத்தைக் கருதி, வீக்கம் குறைக்கும் மாத்திரைகளை மருத்துவர் நீண்ட நாள் தர விரும்பவில்லை. எலும்பியல் மருத்துவர் பர்சாவில் ஸ்டீராய்டு ஊசி ஒன்றை அல்ட்ராசவுண்டின் துணையோடு போட்டார். சில நாளுக்குச் சர்க்கரை ஏறும் என்று முன்கூட்டிச் சொல்லப்பட்டிருந்ததால், வழக்கமாக 7, 8 என்று இருக்கும் அளவு 15 மில்லிமோலைத் தொட்டபோது வீட்டில் யாரும் பதறவில்லை. இயன்மருத்துவரிடம் எட்டு வாரம் பயிற்சி. சுவரில் விரல்களால் மேலேறும் பயிற்சியைப் பேத்தி பென்சிலால் தேதி போட்டுக் குறித்துவந்தாள். ஐந்தாம் மாதத்தில் கொண்டை அவரே போட்டுக்கொண்டார். முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோவது இன்னும் முழுமையாகத் திரும்பவில்லை.

நிகழ்வை மருந்தகத்தின் வழியாகச் சுகாதார அறிவியல் ஆணையத்துக்குத் தெரிவித்தோம். அம்மாவிடமும் மகளிடமும், தடுப்பூசியில் குறையில்லை, போட்ட இடத்தில்தான் குறை, போட்டவள் நான் என்று நேரில் சொன்னேன். மகள் நீண்ட நேரம் பேசவில்லை. அம்மா, "அன்னைக்கு நானும் அவசரத்துல இருந்தேன்" என்றார். அது உண்மையன்று, அவசரம் எனக்குத்தான் இருந்தது.

மருந்தகத்தில் மாறியவை சில. ஊசி போடுபவருக்குச் சக்கரம் வைத்த முக்காலி ஒன்று வந்தது, கழிவுப் பெட்டி மேசைக்கு இறங்கியது. முன்பதிவுக் குறுஞ்செய்தியில் கை தளர்ந்த ஆடை அணிந்து வரும்படி தமிழிலும் ஒரு வரி சேர்ந்தது. துண்டுத்தாளில், மூன்று நாளுக்குமேல் வலித்தாலோ கையை உயர்த்த முடியாவிட்டாலோ அழைக்க வேண்டிய எண் அச்சானது. தனியறையும் துணைக்கு ஒரு பெண் ஊழியரும் வேண்டும் என்று நான் கேட்டது கூட்ட நாட்களில் இன்னும் நடப்பதில்லை.

அந்த மாதங்களில் பி12 ஊசியை இடுப்பின் பக்கவாட்டில் போட்டோம். முதல்முறை அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, நான் எலும்பைத் தொட்டுத் தேடிய நேரம் முழுவதும், "இங்கயா மிஸ்ஸி? நல்லா பாத்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு முறையும் பதில் சொன்னேன்.

2024 அக்டோபரில் அடுத்த சளிக்காய்ச்சல் தடுப்பூசிக்கு வந்தார். புடவைதான், ஆனால் ரவிக்கைக்குப் பதிலாக மகளுடைய கையில்லாத பருத்திச் சட்டை ஒன்றை உள்ளே போட்டு, முந்தானையால் போர்த்தியிருந்தார். கதவை மூடினேன், எதிரே உட்கார்ந்தேன், கையை இடுப்பில் ஊன்றச் சொன்னேன், அக்ரோமியனைத் தொட்டு மூன்று விரல் அளந்தேன். எங்கள் பதிவேட்டில் இப்போது கூடுதலாக இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. அவருடைய வரி இது: வலது டெல்டாய்டு, 0.5 மில்லிலிட்டர்; மேல்கை முழங்கைவரை திறந்திருந்தது, ஆம்; தோளெலும்பு விளிம்பிலிருந்து தூரம், 5 சென்டிமீட்டர்.